ஆளில்லாத இடத்துக்கு ஒரு டிஷ்: செயற்கைக்கோள் டெர்மினல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை உச்சியில் மழைமானி, காட்டோரம் நீரேற்று நிலையம், பாலைவனத்தில் எண்ணெய்க் குழாயின் வால்வு, நடுக்கடலில் மிதவை. அங்கே ஆள் இல்லை, ஃபைபர் இல்லை, பல நேரம் டவரும் இல்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். முடிந்தால் இங்கே உட்கார்ந்தபடி அங்கே ஒரு பம்பை நிறுத்தவும் வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் டெர்மினல் மாட்டிக் கொடுப்பதுதான் சில ஆண்டுகளாக என் பிழைப்பு. போகிற இடத்திலெல்லாம் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

டெர்மினல் என்பது டிஷ் மட்டும்தானா?

இல்லை. வானத்தைப் பார்க்கும் ஆன்டெனாவும் அதோடு பேசும் மோடமும் சேர்ந்ததுதான் டெர்மினல். மோடத்திலிருந்து ஒரு சாதாரண ஈதர்நெட் வயர் வெளியே வரும். அதன் மறுமுனையில் ஆர்.டி.யு. அல்லது பி.எல்.சி. என்று நாம் சொல்லும் பெட்டி இருக்கும். நீர்மட்டம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, மோட்டார் ஓடுகிறதா என்று வாசிப்பதும், சொன்னால் ரிலே என்ற மின்சுவிட்சைத் தட்டுவதும் அந்தப் பெட்டியின் வேலை. கண்ட்ரோல் ரூமில் ஓடும் ஸ்காடா மென்பொருள் பேசுவது அந்தப் பெட்டியோடுதான். டெர்மினல் நடுவில் நிற்கும் தபால்காரர். தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கக் கூடாது, அதைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

சிம் போட்ட ரவுட்டர் போதாதா?

4ஜி சிக்னல் நிலையாகக் கிடைக்கிறதா? அப்படியானால் போதும், சிம்மையே போடுங்கள். செலவு குறைவு, மின்சாரம் குறைவு, பழுதானால் பக்கத்து ஊர்ப் பையனே மாற்றிவிடுவான். இதைச் சொன்னால் என் வியாபாரம் போகும்தான், இருந்தாலும் உண்மை அதுதான்.

ஒரே ஒரு இடறல். உங்களுக்கு எந்த நாளில் தகவல் அதிகம் தேவையோ அந்த நாளில்தான் டவர் படுக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் போனால் டவரில் இருக்கும் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் டீசல் வந்து சேர வேண்டும். சாலையில் மரம் விழுந்து கிடந்தால் டீசல் எப்படி வரும்? அதனால் அணை, வெள்ளக் கண்காணிப்பு போன்ற இடங்களில் சிம் முதல் வழியாகவும், செயற்கைக்கோள் இரண்டாம் வழியாகவும் இருப்பது நல்லது. சிம் விழுந்தால் ரவுட்டர் தானே மாறிக்கொள்ளும். மாதம் ஒருமுறையாவது சிம்மைக் கழற்றிவிட்டு, மாறுகிறதா என்று பாருங்கள். மாறும் என்று நம்பி மூன்று வருடம் விட்டுவைத்த இடங்களில் மாறியதே இல்லை.

எத்தனை வகை இருக்கிறது? நான் எதை வாங்குவது?

முதல் வகை, புவிநிலைச் செயற்கைக்கோள். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானத்தில் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். டிஷ்ஷை ஒருமுறை குறிபார்த்து இறுக்கிவிட்டால் போதும். வங்கி ஏ.டி.எம். கூரையில் பார்க்கும் வி-சாட் இந்த வகைதான்.

இரண்டாம் வகை, தாழ்வட்டப் பாதையில் கூட்டமாகப் பறப்பவை. ஸ்டார்லிங்க் சுமார் 550 கி.மீ., ஒன்வெப் 1,200 கி.மீ. உயரம். ஒன்று தலைக்கு மேல் கடந்து போகும்போது அடுத்தது பொறுப்பெடுத்துக்கொள்ளும். வேகமும் அதிகம், தாமதமும் குறைவு. ஆனால் வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். புவிநிலைக்கு ஒரே ஒரு கோடு தெளிவாக இருந்தால் போதும். இதற்கு அப்படியல்ல, சுற்றிலும் தென்னை நின்றால் ஒவ்வொரு மட்டையும் இடையிடையே லைனை வெட்டும்.

மூன்றாம் வகையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: குட்டிச் செய்தி அனுப்பும் டெர்மினல். 66 செயற்கைக்கோள் கொண்ட இரிடியத்தில் ஒரு குறுஞ்செய்திச் சேவை உண்டு. அதன் பிரபலமான ஒரு சிறு மோடம் ஒரு தடவைக்கு மேலே 340 பைட் அனுப்பும், கீழே 270 பைட் வாங்கும். அவ்வளவுதான். யூடியூப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு நீர்த்தேக்கத்தின் மட்டம், வரத்து, ஷட்டர் நிலை, பேட்டரி வோல்ட் எல்லாம் நாற்பது பைட்டில் அடங்கிவிடும். ஆன்டெனா உள்ளங்கையில் அடங்கும்.

என்னிடம் கேட்டால், வெறும் கண்காணிப்புக்கு மூன்றாவதிலிருந்து ஆரம்பித்து, போதவில்லை என்று நிரூபணமானால் மேலே ஏறுங்கள் என்பேன். எல்லாரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

தாமதம் பெரிய பிரச்சினையா?

ஒளிவேகத்தில் போனாலும் 35,786 கி.மீ. மேலே ஏறிக் கீழே இறங்க கால் விநாடி ஆகும். கேள்விக்கு ஒருமுறை, பதிலுக்கு ஒருமுறை. நடுவில் மோடம், ஹப் எனப்படும் தரைநிலையம் எல்லாம் தங்கள் பங்கைச் சேர்த்து, நடைமுறையில் 600 மில்லிவிநாடி அல்லது அதற்கு மேல். ஸ்டார்லிங்க் வகையில் பெரும்பாலும் 25 முதல் 60 மில்லிவிநாடி.

தண்ணீர்த் தொட்டி அரை விநாடியில் நிரம்பிவிடாது. ஆகவே தாமதம் வேலையைக் கெடுப்பதில்லை, மென்பொருளின் செட்டிங்தான் கெடுக்கிறது. மோட்பஸ் என்ற நெறிமுறை 1979இல் ஒரே தொழிற்சாலைக்குள் வயர் இழுத்துப் பேசுவதற்காகப் பிறந்தது. நூறு மில்லிவிநாடியில் பதில் வரும் என்று பழகியது. டைம்-அவுட்டை, அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை, அரை விநாடி என்று வைத்துவிட்டு வி-சாட்டில் ஓட்டினால், பதில் வந்துசேர்வதற்குள் "சாதனம் இறந்துவிட்டது" என்று திரை சிவப்பாகும். மறுபடி கேட்கும். முதல் கேள்விக்கான பதில் இரண்டாம் கேள்விக்கான பதிலாக வந்து நிற்கும். "லைன் விட்டுவிட்டு வருகிறது" என்று என்னைக் கூப்பிட்ட பல இடங்களில் நான் டிஷ்ஷைத் தொடவே இல்லை. டைம்-அவுட்டை மூன்று விநாடியாக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொன்று. புவிநிலை மோடங்கள் தாமதத்தைச் சமாளிக்க டி.சி.பி. (ஒவ்வொன்றும் வந்து சேர்ந்ததா என்று உறுதிசெய்தபடி அனுப்பும் இணைய முறை) போக்குவரத்தை நடுவில் பிடித்து வேகப்படுத்தும். நீங்கள் வி.பி.என். (இரு முனைக்கும் நடுவே மறையாக்கம் செய்த தனிப்பாதை) போட்டுப் பூட்டிவிட்டால் உள்ளே என்ன போகிறது என்று மோடத்துக்குத் தெரியாது, அந்த வேகமும் போய்விடும். பாதுகாப்புக்காக இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

மாதம் எவ்வளவு டேட்டா ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மோட்பஸில் பத்து ரெஜிஸ்டர், அதாவது தலா 2 பைட் கொண்ட பத்து மதிப்புகள், கேட்கிறீர்கள். கேள்வி 12 பைட், பதில் 29 பைட். இரண்டுக்கும் தலா 40 பைட் உறை, வந்து சேர்ந்தது என்று சொல்ல இன்னொரு 40. மொத்தம் 161 பைட். விநாடிக்கு ஒருமுறை கேட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 14 எம்.பி., மாதத்துக்கு 400 எம்.பி.க்கு மேல். ஒரே ஒரு சாதனத்துக்கு! அதுவும் அந்த 161இல் நமக்கு வேண்டியது 20 பைட்தான்.

அதையே மாற்றி, கால் மணிக்கு ஒருமுறை ஐம்பது பைட், ஏதாவது எல்லை தாண்டினால் உடனே ஒரு செய்தி என்று வைத்தால் மாதம் 150 கே.பி.கூட வராது. ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு.

இந்த யோசனை புதியதல்ல. இன்று வீட்டு விளக்குவரை எல்லாவற்றிலும் ஓடும் எம்.க்யூ.டி.டி. நெறிமுறையே 1999இல் ஐ.பி.எம்.மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்காம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க எழுதியதுதான். பைட்டுக்குப் பைட் காசு போன காலம் அது. அதனால்தான் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அது ஒட்டும் தலைப்பு மிகக் குறைந்தது 2 பைட்.

சுனாமி மிதவைகள் இன்னும் அழகான உதாரணம். அமெரிக்காவின் டார்ட் மிதவையில், கடலடியில் ஓர் அழுத்தமானி உட்கார்ந்திருக்கும். அது ஒலி மூலம் மேலே மிதவைக்குச் சொல்ல, மிதவை இரிடியம் வழியாகக் கரைக்குச் சொல்லும். சாதாரண நாளில் 15 நிமிட அளவீடுகளைச் சேர்த்துவைத்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பேசும். நீர்மட்டம் சந்தேகத்துக்கு இடமாக அசைந்தால் தானே விழித்துக்கொண்டு 15 விநாடி அளவீடுகளை அனுப்பத் தொடங்கும், பிறகு நிமிடச் சராசரி. தேவையில்லாதபோது வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த கருவி. வங்கக்கடலில் இதே வேலையைச் செய்யும் நம் மிதவைகளைப் பார்த்துக்கொள்வது பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம்.

கேமரா போடலாமா?

நேரலை வேண்டாம். 1 எம்.பி.பி.எஸ். வீடியோ நாள் முழுக்க ஓடினால் 10.8 ஜி.பி. ஆகும். அலாரம் அடித்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு என்று வையுங்கள், 100 கே.பி.யோடு முடிந்துவிடும்.

மழையில் லைன் போகுமா?

போகும். வி-சாட், ஸ்டார்லிங்க் போன்றவை பெரும்பாலும் பயன்படுத்தும் கு பேண்ட், கா பேண்ட் அலைவரிசைகளின் அலைநீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். பெருமழைத் துளிகள் அவற்றை விழுங்கிவிடும். ஐப்பசி மாதம் அடித்து ஊற்றும்போது பத்து இருபது நிமிடம் லைன் இருக்காது. அப்புறம் தானே வரும். ஏ.டி.எம்.முக்கு அது பரவாயில்லை. அணையின் வெள்ள அளவீட்டுக்கு? மழை பெய்யும்போது மட்டும் வேலை செய்யாத மழைமானியை வைத்து என்ன செய்வது?

அதனால் இந்த மாதிரி இடங்களுக்குத் தாழ்ந்த அலைவரிசை. இரிடியம், இன்மார்சாட்டின் எல் பேண்ட் மழையைச் சட்டைசெய்யாது. இந்திய வானிலைத் துறையின் தானியங்கி நிலையங்கள் இன்சாட் செயற்கைக்கோளுக்கு 402.75 மெகாஹெர்ட்ஸ் அளவில் அனுப்புகின்றன. அதற்கும் மழை ஒரு பொருட்டல்ல. ஆனால் அது ஒருவழிப் பாதை. நிலையம் தன் முறை வரும்போது சொல்லிவிட்டுப் போகும், நாம் திரும்பக் கட்டளை சொல்ல முடியாது.

மழையே இல்லாமல், மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் சில நாட்கள், தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் சில நிமிடம் லைன் போகிறதா? பயப்பட வேண்டாம். சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, அதன் இரைச்சலில் நம் சிக்னல் கேட்பதில்லை. ஆரம்பத்தில் இது தெரியாமல் ஒரு மோடத்தையே மாற்றியவன் நான். புது மோடம் மாட்டியதும் லைன் வந்தது, நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். மறுநாள் அதே நேரத்தில் போனது.

இணைப்பு அறுந்துவிட்டால் அங்கே என்ன ஆகும்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கடைசியாகத்தான் கேட்கிறார்கள், சிலர் கேட்பதே இல்லை.

2022 பிப்ரவரி 24 விடியற்காலை, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, வயாசாட் நிறுவனத்தின் கா-சாட் வலைப்பின்னலில் ஆயிரக்கணக்கான மோடங்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. தவறாக அமைக்கப்பட்ட ஒரு வி.பி.என். கருவி வழியாக நிர்வாக வலைக்குள் புகுந்தவர்கள், அங்கிருந்து மோடங்களுக்கே கட்டளை அனுப்பி அவற்றின் நினைவகத்தை அழித்தார்கள். செயற்கைக்கோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குறி உக்ரைன், அடி விழுந்தது ஐரோப்பா முழுக்க. மத்திய ஐரோப்பாவில், ஜெர்மனியின் எனர்கான் நிறுவனத்துடைய 5,800 காற்றாலைகள் கண்ட்ரோல் ரூமின் கண்ணிலிருந்து மறைந்தன. மொத்தத் திறன் சுமார் 11,000 மெகாவாட்.

ஆனால் ஒரு காற்றாலையும் நிற்கவில்லை. காற்றடித்தது, இறக்கைகள் சுற்றின, மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. காற்று அதிகமானால் இறக்கையின் கோணத்தைத் திருப்புவது, சூடானால் நிறுத்துவது எல்லாம் அந்தந்தக் கோபுரத்துக்குள் இருக்கும் கண்ட்ரோலரின் பொறுப்பு. தூரத்திலிருந்து பார்க்கவும் ரீசெட் செய்யவும் மட்டும்தான் முடியாமல் போனது. அந்த வடிவமைப்பைச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

இதையே உங்கள் நீரேற்று நிலையத்தில் வைத்துப் பாருங்கள். மேல்தொட்டி நிரம்பியதும் பம்பை நிறுத்தும் முடிவை கண்ட்ரோல் ரூம் எடுக்கிறதா, நிலையத்தில் இருக்கும் பி.எல்.சி. எடுக்கிறதா? கண்ட்ரோல் ரூம் என்றால் லைன் அறுந்த இரவு தொட்டி வழியும், அல்லது உறிஞ்சுகிணறு வற்றி மோட்டார் கருகும். லைன் அறுந்து பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும், ஒரு மணி நேரத்தில் என்ன, ஒரு நாளில் என்ன என்று ஒரு தாளில் எழுதி, அதை பி.எல்.சி.க்குள் போட்டுவிட்டு, அப்புறம் டிஷ் வாங்குங்கள். சில இடத்தில் "அப்படியே ஓடட்டும்" என்பது சரி, சில இடத்தில் "மூடிவிடு" என்பது சரி. வெள்ளக் காலத்தில் மதகைத் தானாக மூடவைப்பதும் ஆபத்து, தானாகத் திறக்கவைப்பதும் ஆபத்து. அங்கே "இருந்த நிலையில் இரு, சைரன் அடி, ஆளைக் கூப்பிடு" என்பதுதான் என் பழக்கம். எது என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்த நிலையத்தை நடத்துகிறவர், டிஷ் மாட்டுகிறவன் அல்ல.

கட்டளை அனுப்பும்போது எதில் கவனம் வேண்டும்?

தாமதமாகப் போய்ச் சேரும் கட்டளையில்தான். காலை பத்து மணிக்கு "ஷட்டரைத் திற" என்று அழுத்துகிறீர்கள். லைன் இல்லை. மென்பொருள் அந்தக் கட்டளையை வரிசையில் வைத்துக்கொள்கிறது. நீங்கள் போனில் பேசி, ஆளை அனுப்பி, வேறு ஏற்பாடு செய்துவிட்டீர்கள். பத்து நாற்பதுக்கு லைன் வருகிறது, பழைய கட்டளை இறங்குகிறது. ஷட்டருக்குக் கீழே ஆற்றில் ஆட்கள் நின்றால்?

ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் நேரமுத்திரை வேண்டும். முப்பது விநாடிக்கு மேல் பழையதானால் ஆர்.டி.யு. தூக்கிப்போட வேண்டும். அதற்கு ஆர்.டி.யு.வின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், ஒரு ஜி.பி.எஸ். ஆன்டெனா போட்டால் தீர்ந்தது. எம்.க்யூ.டி.டி. பயன்படுத்துகிறவர்கள் கட்டளைச் செய்திகளில் "ரீடெய்ன்" என்ற செட்டிங்கைத் தொடவே கூடாது. அது கடைசிக் கட்டளையைப் பத்திரமாக வைத்திருந்து, பெட்டி ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் கையில் கொடுக்கும்.

அடுத்தது, ஒரே கட்டளை இரண்டு முறை போய்ச் சேருவது. செயற்கைக்கோள் வழியில் இது சாதாரணம்: கட்டளை போய்விட்டது, "வந்தது" என்ற பதில்தான் தொலைந்தது, மென்பொருள் மறுபடி அனுப்புகிறது. "ஷட்டரை 10 செ.மீ. உயர்த்து" என்று சொல்லியிருந்தால் 20 செ.மீ. உயர்ந்திருக்கும். "ஷட்டரை 40 செ.மீ. நிலையில் வை" என்று சொல்லியிருந்தால் எத்தனை முறை போனாலும் 40தான். கட்டளைகளை எல்லாம் இந்த இரண்டாம் வாக்கிய அமைப்பில் எழுதுங்கள். பெரிய வால்வு, பிரேக்கர் போன்றவற்றுக்கு முதலில் "தேர்ந்தெடு", அது ஒத்துக்கொண்டபின் "செய்" என்ற இரட்டைப் படி, மோட்பஸ் போலவே ஸ்காடாவில் புழங்கும் டி.என்.பி.3 நெறிமுறையிலேயே இருக்கிறது. சோம்பல்பட்டு அதை அணைத்துவைக்காதீர்கள்.

செயற்கைக்கோள் வழி போவதை யாரும் ஒட்டுக்கேட்க முடியாதுதானே?

நேர்மாறு. வயரை ஒட்டுக்கேட்க வயரிடம் போக வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோள் கீழே அனுப்புவது ஒரு கண்டத்தின் மேலேயே விழலாம். டிஷ் வைத்திருக்கிறவன் எல்லாம் கேட்கலாம். 2025இல் கலிபோர்னியா சான் டியாகோ, மேரிலாந்து பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சுமார் 800 டாலருக்குக் கடையில் வாங்கிய உபகரணங்களைக் கூரையில் வைத்து, மறையாக்கம் இல்லாமல் இறங்கும் போக்குவரத்தை வாசித்துக் காட்டினார்கள். கைபேசி உரையாடல்களிலிருந்து மின் நிறுவனத்தின் உள்தகவல் வரை கிடைத்தது.

தபால்காரர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்றது இதற்குத்தான். ஆர்.டி.யு. பக்கத்திலேயே வி.பி.என். தொடங்க வேண்டும், கண்ட்ரோல் ரூமில் முடிய வேண்டும். நடுவில் இருக்கும் சேவை நிறுவனத்தையும் நம்பாதீர்கள்; கா-சாட்டில் திருடன் வந்த வழி அவர்களுடைய நிர்வாக வாசல்தான். மோடத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். எனக்குத் தெரிந்து பாதி இடங்களில் இன்னும் ஸ்டிக்கர்தான் சாவி.

சோலாரில் ஓடுமா?

எந்த டெர்மினல் என்பதைப் பொறுத்தது. ஸ்டார்லிங்கின் வழக்கமான டெர்மினல் 75 முதல் 100 வாட் இழுக்கும். 75 என்றே வைத்தாலும் நாளைக்கு 1.8 யூனிட். அடைமழையில் மூன்று நாள் வெயில் இல்லை என்றால் 5.4 யூனிட் சேமிப்பு வேண்டும். 12 வோல்ட் 150 ஏ.ஹெச். பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக ஒன்றுக்கு 0.9 யூனிட். ஆறு பேட்டரி! ஒவ்வொன்றும் ஓர் ஆள் எடை. மலை ஏற்றிப் பாருங்கள், புரியும். அதன் சிறிய மாடல் 25 முதல் 40 வாட். மூன்று நான்கு பேட்டரியில் ஓட்டலாம்.

குட்டிச்செய்தி மோடமோ அனுப்பும் நொடியில் மட்டும் விழித்து, மற்ற நேரம் தூங்கும். ஆர்.டி.யு.வோடு சேர்த்துச் சராசரி அரை வாட்டில் அடக்கிவிடலாம். மூன்று நாளைக்கு 36 வாட்-அவர். வீட்டு யு.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் 7 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றே போதும்.

மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் டைமர் வைத்துப் பெரிய டெர்மினலை எழுப்பலாம் என்று சிலர் கேட்பார்கள். பார்ப்பதற்கு அது சரி. கட்டுப்படுத்துவதற்கு ஆகாது. அவசரம் வந்த நேரத்தில் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

மாட்டும்போது எங்கே தப்பு நடக்கிறது?

பெரும்பாலும் கேபிளில். மேலிருந்து இறங்கும் கேபிள் நேரே பெட்டிக்குள் நுழைந்தால் மழைத்தண்ணீரும் அதோடு நுழையும். பெட்டிக்குக் கீழே இறங்கி, ஒரு தொங்கலாக வளைந்து, அடிப்பக்கத்திலிருந்து ஏற வேண்டும்; சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். கனெக்டரில் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள், ஒரு கோடையில் பசை உருகிவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் வேண்டும். பயன்படாத துளைகளை அடையுங்கள், பல்லி நுழைந்து டெர்மினல் பிளாக்கில் செத்துக் கிடக்கும். மலைப்பக்கம் என்றால் குரங்கு, கேபிளை ஜி.ஐ. குழாய்க்குள் விடுங்கள். இடி விழும் இடத்தில் டிஷ் கம்பம், பெட்டி, சோலார் ஸ்டாண்டு மூன்றையும் ஒரே எர்த்தில் சேருங்கள், தனித்தனி எர்த் வைப்பதுதான் மோடத்தைக் கொல்லும்.

நம் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் செயற்கைக்கோள், திருநெல்வேலியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 78 பாகை உயரத்தில், அதாவது உச்சி வானத்தில் இருக்கிறது. வடநாட்டிலும் ஐரோப்பாவிலும் டிஷ் நிமிர்ந்து நிற்கும். இங்கே மல்லாந்து படுத்திருக்கும். இலை விழும், தண்ணீர் நிற்கும். ஓரிடத்தில் மூன்று வாரமாகச் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஏறிப் பார்த்தால் டிஷ்ஷின் முன்னால் சிக்னல் வாங்கும் மூக்கைத் தாங்கும் ஃபீட் கைக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் காக்கைக்கூடு, அதில் பாதிக்கு மேல் கட்டுக்கம்பித் துண்டுகள். உள்ளே மூன்று முட்டை. கலைக்க மனம் வரவில்லை, குஞ்சு பறக்கும்வரை சிம்மிலேயே ஓட்டினோம்.

செயற்கைக்கோளே பழுதானால்?

நடந்திருக்கிறது. இன்டெல்சாட் 29இ 2019 ஏப்ரலில் செத்தது. இன்டெல்சாட் 33இ 2024 அக்டோபர் 19 அன்று சுற்றுப்பாதையிலேயே சிதறியது. புவிநிலையில் இப்படி ஆனால் வேறு செயற்கைக்கோளுக்கு ஒவ்வொரு டிஷ்ஷையும் கையால் திருப்ப வேண்டும்; நூறு தளம் என்றால் நூறு பயணம். கூட்டமாகப் பறப்பவற்றில் ஒன்று போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே மென்பொருள் ஒன்றுதான்: 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உள் மென்பொருள் கோளாறால் உலகம் முழுக்கச் சுமார் இரண்டரை மணி நேரம் நின்றது.

வெளிநாட்டிலிருந்து ஒரு டெர்மினல் கொண்டுவரலாமா?

இந்தியாவுக்குள் வேண்டாம். அனுமதியில்லாத செயற்கைக்கோள் கருவி வைத்திருப்பதே குற்றம். பையில் சாட்டிலைட் போன் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். துரயா, இரிடியம் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இங்கே இடமில்லை. மேலே இரிடியத்தைப் புகழ்ந்தது தொழில்நுட்பத்துக்காக. இங்கே அந்த வேலைக்கு உரிமம் பெற்ற நிறுவனத்திடம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஹியூஸ், நெல்கோ போன்றவை நெடுங்காலமாக வி-சாட் தருகின்றன. ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் இந்திய உரிமம் பெற்றது. உரிமம் வந்தது வேறு, உங்கள் தளத்துக்கு இணைப்பு கிடைப்பது வேறு, வாங்கும் நாளில் விசாரித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் அது 2025 ஜூலையிலிருந்து கிடைக்கிறது. ஒரு நாட்டுக்கென்று பதிந்த டெர்மினலை அடுத்த நாட்டில் வைத்து ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம்.

இங்கிருந்தபடியே ரவுட்டர் செட்டிங்கை மாற்றலாமா?

நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுவது என்பது இதுதான். ஐ.பி. முகவரியில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்துச் சேமித்தால் லைன் போய்விடும், திருத்த உள்ளே நுழையவும் முடியாது. எனக்கு அந்த ஒரு எண்ணின் விலை ஒன்பது மணி நேர ஜீப் பயணம். "பத்து நிமிடத்தில் நான் உறுதி சொல்லாவிட்டால் பழைய செட்டிங்குக்குத் திரும்பு" என்ற வசதி உள்ள ரவுட்டர் வாங்குங்கள். அதோடு, இணைய முகவரி ஒன்றை பிங் செய்து, அதாவது "இருக்கிறாயா" என்று கேட்டு, ஒரு மணி நேரம் பதில் இல்லையென்றால் மோடத்தின் கரண்ட்டை வெட்டி மறுபடி கொடுக்கும் சின்ன ரிலே ஒன்று. மலிவானது, அதுதான் என் பாதிப் பயணங்களைக் குறைத்தது.

திரையில் காட்டுவதை அப்படியே நம்பலாமா?

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தனியார் நீரேற்று நிலையம். எல்லாம் புதுசாக மாட்டி, லைன் பச்சை, வால்வு "திறந்தது" என்று பச்சை, பம்ப் "ஓடுகிறது" என்று பச்சை. நான் ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை அங்கே காவலுக்கு இருக்கும் பெரியவர் போன் செய்தார்.

"தம்பி, உங்க பொட்டியில எல்லா வெளக்கும் பச்சையா எரியுது. ஆனா தண்ணிதான் வரல."

"அண்ணாச்சி, வால்வு தொறந்திருக்குன்னு காட்டுதே?"

"காட்டும். கம்பி சுத்துது, வால்வு சுத்தல. நான் கையை வச்சுப் பாத்துட்டேன்."

வால்வையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங்கில், இரண்டும் சேர்ந்து சுற்றப் பிடித்துவைக்கும் 'கீ' என்ற சிறு உலோகத் துண்டு உடைந்திருந்தது. மோட்டார் திறந்த நிலைவரை சுற்றி, தன் சுவிட்சைத் தட்டி, "திறந்தாயிற்று" என்று சொல்லிவிட்டது. அது பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். செயற்கைக்கோள் வழியாக அந்தத் தகவல் ஒரு பைட் பிசகாமல் எங்களுக்கு வந்துசேர்ந்தது. அடுத்த வாரமே குழாயில் ஒரு ஃபுளோ மீட்டர் சேர்த்தோம். இப்போதெல்லாம் வால்வு திறந்ததா என்பதை வால்விடம் கேட்பதில்லை, தண்ணீரிடம் கேட்கிறோம். பெரியவரின் எண்ணை அலாரப் பட்டியலில் முதலாவதாகப் போட்டுவைத்திருக்கிறேன்.